பூட்டு நடப்பவனுக்கு மட்டும்

கோவையின் மேற்கு ஓரத்தில் யானை ஒன்று ஊருக்குள் இறங்கிவிட்டால் போதும். மறுநாள் காலை டீக்கடையிலிருந்து ராத்திரி தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் ஒரே தீர்ப்புதான்: "காட்டுக்குள்ள மனுஷனுக்கு என்னங்க வேலை? பூராத்தையும் மூடிப்போடோணும்." சொல்பவர் வனத்துறையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரியாக இருக்கலாம். ஞாயிறு காலையில் குளக்கரையில் கேமராவோடு நிற்கும் பறவைப் பிரியராக இருக்கலாம். வால்பாறை ரிசார்ட் ஒன்றில் வாரக்கடைசியைக் கழித்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியவராகவும் இருக்கலாம். இந்த மூன்றாமவர் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் ஏறி இறங்கியவர் தன்னை அந்த மனுஷர் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

அவர்கள் தரப்பை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். காடு விலங்குகளுடையது. மனிதன் உள்ளே போனால் குப்பை போடுவான், பாட்டு வைப்பான், பீடி பற்றவைத்துத் தீக்குச்சியை வீசுவான், யானையைக் கண்டால் செல்ஃபி எடுக்கப் போவான். மிதிபட்டுச் செத்தால் பழி யானைமேல் விழும். ஆகவே மலையேற்றம், கானுலா, சாகசம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கேட்டை இழுத்துப் பூட்டுவதுதான் காட்டுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம். இதில் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டு யார்மேல் விழுகிறது, பூட்டிய பிறகு காட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கப் போனால் வாதம் ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

பூட்டுக்காரர்கள் முதலில் எடுப்பது குரங்கணியை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு குழுவினர். ஒன்று சென்னையிலிருந்து வந்தது, பெரும்பாலும் பெண்கள். இன்னொன்று நம் ஈரோடு, திருப்பூர்க்காரர்களுடையது. கோடையில் முறுகிக் கிடந்த புல், எதிர்பாராமல் திரும்பிய காற்று. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடுகொடுக்காது. ஆஸ்பத்திரியில் போராடித் தோற்றவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். கொங்கு வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் தாய்மார்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

அந்தச் சாவுகள் சொன்ன பாடம் என்ன? காட்டுத்தீப் பருவத்தில் புல்மலைப் பாதைகளை மூடிவைக்க வேண்டும். யார் ஏறினார்கள், எப்போது இறங்குவார்கள் என்ற கணக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். எங்காவது புகை கண்டால் மேலே இருப்பவர்களுக்கு உடனே சொல்லும் வழி வேண்டும். மலையின் மடிப்பும் காற்றின் போக்கும் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் போதிய அளவில் கூட நடக்க வேண்டும். அன்றைக்குத் தீக்குள் முதலில் ஓடி ஏறியவர்களும் குரங்கணி ஊர்மக்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நியாயமான விதிகள். நடைமுறையில் நடந்தது வேறு. ஒழுங்கு செய்ய ஆளும் நேரமும் பணமும் வேண்டும், பூட்டுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். பல பாதைகள் ஆண்டுக்கணக்கில் திறக்கவேயில்லை. மலைச்சாலையில் பஸ் கவிழ்ந்து இருபது பேர் செத்தால் சாலையை மூடுவதில்லை. தடுப்புச்சுவர் கட்டுகிறோம், ஓட்டுநருக்குப் பயிற்சி கொடுக்கிறோம். நடந்துபோனவன் செத்தால் மட்டும் நடையே குற்றமாகிவிடுகிறது.

இனி வெள்ளியங்கிரிக்கு வருவோம், ஏனென்றால் பூட்டு வாதத்தின் சாயம் வெளுக்கும் இடம் அதுதான்.

2025-இல் மாநில அரசின் மலையேற்றப் பாதைகள் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீப் பருவம் என்று மூடப்பட்டன. சரியான முடிவு. அதே ஆண்டு, போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் இருக்கும் வெள்ளியங்கிரி மலைப்பாதை பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்தது, மே 31 வரை ஏறலாம் என்று அறிவித்தார்கள். அதாவது, வழிகாட்டியோடு பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நடக்கும் பாதையில் தீ ஆபத்து உண்டு. மகாசிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஆயிரம் ஆயிரமாய்க் கற்பூரத்தோடும் டார்ச் லைட்டோடும் ஏறும் மலையில் அது கிடையாது! வெள்ளியங்கிரியை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. (அப்படி எழுதிவிட்டுக் கோவையில் குடியிருக்கவும் முடியாது.) பூட்டுக்காரர்கள் தங்கள் வாதத்தை உண்மையிலேயே நம்பினால் அதை முதலில் சொல்லவேண்டிய இடம் அந்த மலையின் பூண்டி அடிவாரம் என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குத் தெரியும், அது சும்மா கோயில் படி இல்லை. ஒரு வழி ஆறு கிலோமீட்டரை ஒட்டி வரும். அடிவாரத்தில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு முதல் மலையின் படிகளில் கால் வைத்தால் வெள்ளை விநாயகர் வருவதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிடும். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று ஒவ்வொரு மலையாகக் கடந்தால் மரங்கள் குட்டையாகி, பிறகு காணாமல் போய், காற்றும் புல்லும் மட்டும் மிஞ்சும். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுகிறார்கள். ஆறாவது மலையின் சுனையில் நடுக்கும் குளிரில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஏழாவதுக்குப் போவார்கள். நாளெல்லாம் தறியில் நின்றவர், மில் ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறியவர், வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் என்று எல்லாரும் அந்தப் பாதையில் உண்டு. விலை உயர்ந்த ஷூ எதுவும் இல்லை, வெறுங்கால். சாகசம் என்பது பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் ஒரு பங்குனி ராத்திரியில் அங்கே வந்து பார்க்கட்டும்.

அந்த மலையில் சாவும் உண்டு. 2024 மார்ச்சில் அடுத்தடுத்து மூன்று பேர் இறந்தார்கள், அந்தப் பருவத்தில் வேறு சிலரும். இதயக் கோளாறு, மூச்சுத்திணறல். உடனே "தடை செய்" என்று குரல் எழுந்தது. பக்தி எதிர்க்குரல் கொடுத்ததும் அடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே யாருக்கும் பிடிக்காத ஒரு பதில் இருக்கிறது: அடிவாரத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், பாதி வழியில் மருத்துவ முகாம் வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வரம்பு வேண்டும். முதல் இரண்டும் அரைகுறையாக நடக்கின்றன. மூன்றாவதைத் தொட ஆளில்லை. பிளாஸ்டிக்குக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அடிவாரத்தில் வனப் பணியாளர் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, சின்ன வைப்புத்தொகையை வாங்கிக்கொள்வார். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கைக்கு வரும். ஒரு நோட்டுக்காகப் பாட்டிலைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கும் பெரியவர்களை அந்தப் பாதையில் பார்க்கலாம். எல்லாக் குப்பையும் இதனால் நின்றுவிடவில்லை. பருவம் முடிந்து தன்னார்வலர்கள் ஏறி மூட்டை மூட்டையாய் இறக்குகிறார்கள். என்றாலும், லட்சக்கணக்கானோர் ஏறும் இடத்திலேயே இவ்வளவு முடியும் என்றால், நாளைக்கு முப்பது பேர் நடக்கும் பாதையில் என்ன முடியாது?

பூட்டுக்காரர்களிடம் நான் கேட்கும் அடுத்த கேள்வி: கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கோவைக் காட்டைக் காயப்படுத்தியது யார்? நடந்து போனவர்களா?

தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 2021-இல் மூடச் சொல்லும் வரை அங்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் இயங்கின. செம்மண்ணைத் தோண்டித் தோண்டி ஓடைகள் தடம் மாறின. யானை தலைமுறை தலைமுறையாய்ப் போன வழியில் கிணறு ஆழத்துக்குக் குழிகள். அந்தப் பள்ளத்தாக்கில் நடமாடிய சின்னத்தம்பி என்ற யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது பாட்டுக்கு மலையை விட்டு இறங்கி உடுமலை வரை நடந்து வந்தது. கோவையே அதன்மேல் இரக்கப்பட்டது, பாட்டுக்கூடக் கட்டினார்கள். அதன் வீட்டைத் தோண்டி எடுத்த செங்கல்லில் கட்டிய வீடுகளில் உட்கார்ந்துகொண்டுதான் இரக்கப்பட்டோம் என்பது பேச்சில் வரவில்லை.

2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. பிறகுதான் மதுக்கரைப் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிக் கேமராக் கோபுரங்கள் வந்தன. 2024 முதல் யானை வந்தால் கணினி பார்த்துச் சொல்கிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன பெண் யானையின் வயிற்றில் குட்டியும் இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது. அந்த பிளாஸ்டிக் மலையேறியவன் பையிலிருந்து விழுந்ததா? காட்டை ஒட்டியே ஊராட்சிக் குப்பையைக் கொட்டும் மேடு இருக்கிறது; யானைகள் அங்கே மேய்வதை அந்தப் பக்கத்துக்காரர்கள் ராத்திரி தோறும் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஆலாந்துறை பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலை நாள்கணக்காக எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையிலிருந்து தண்ணீர் அள்ளிவந்து ஊற்றியது. எனக்குத் தெரிந்து அங்கே மலையேற்றப் பாதை எதுவும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத சரிவில் தீ பிடித்தால் முதல் புகையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருந்தது.

வாகனக் கணக்கு இன்னும் வேடிக்கை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. மறு ஆண்டுக் கோடையில் வரம்பு வைத்தார்கள்: வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. வரம்புதானே, வரவேற்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு எட்டாயிரம் வண்டி போகலாம் என்று முடிவெடுக்க முடிகிற நமக்கு, ஒரு மலைப்பாதையில் எட்டுப் பேர் நடக்கலாமா என்று முடிவெடுக்க ஏன் கை நடுங்குகிறது? வால்பாறைச் சாலையில் சிங்கவால் குரங்குகள் டயரில் அடிபட்டுச் சாகின்றன. அவற்றுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டவேண்டி வந்தது. நடப்பவன் காலில் சிக்கி ஒரு குரங்கு செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காட்டைக் காப்பாற்றியவர்கள் பட்டியலை எடுத்தால் அது பெரும்பாலும் நடந்தவர்களின் பட்டியல். ஆனைமலையில் தேக்கை வெட்டி உருட்டிக் கப்பலுக்கும் ரயில் கட்டைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், மொட்டையாக வெட்டும் முறையை மாற்றி, காடு தானே தழைக்க வழிசெய்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. சட்டைப் பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதைத்தபடியே நடப்பாராம். அந்தப் பக்கத்து மலசர் குடிகளில் இப்போதும் சொல்கிறார்கள். 1933-இல் இறந்தார். டாப்சிலிப்பில் அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் கல்லறை. வெள்ளைக்காரனின் வனத்துறை செய்த அநியாயங்கள் தனிக் கதை. இவர் செய்தது அலுவலக மேஜையில் உட்கார்ந்து செய்ய முடிந்த வேலையில்லை.

1987 நவம்பரில் தொடங்கி நூறு நாள், மேற்குத் தொடர்ச்சி மலையை வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இரண்டு அணிகள் நடந்தே அளந்து கோவாவில் சந்தித்தன. நாட்டின் சூழலியல் இயக்கத்துக்கு ஒரு தலைமுறைத் தொண்டர்களைக் கொடுத்த பயணம் அது. இன்றைக்கு வரையாட்டுக்குத் தமிழ்நாடு தனித் திட்டம் போட்டிருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டில் 1,303 என்று எண் வருகிறதே, அந்த எண்ணைப் பாறைமுடி பாறைமுடியாய் ஏறி, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்து எண்ணியவர்கள் கொடுத்தார்கள். வனப் பணியாளர்களோடு தன்னார்வலர்களும் பழங்குடி ஆட்களும் சேர்ந்துதான். மலையேறத் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லாமல் போனால் வரையாட்டை யார் எண்ணுவது?

கோவைக்காரர்கள் உலகம் முழுக்கப் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடாமல் எழுதியும் பேசியும் வந்தவர் பத்திரிகையாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு. இந்தியாவைச் சுற்றி யாத்திரை நூல் எழுதிய மனிதர். ஊர் சுற்றியதால்தான் ஊருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது என்பது என் எண்ணம். இன்று குழாயைத் திருகிச் சிறுவாணி குடிக்கும் ஒரு கல்லூரி மாணவனிடம் அந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் மலைதான், இருந்தும் கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று திணறுவான். தான் பார்த்தே இராத சோலைக்காட்டுக்கு ஆபத்து வந்தால் அவன் எதற்காக ரோட்டுக்கு வரப் போகிறான்?

பூட்டின் இன்னொரு முகம் பர்கூரில் தெரியும். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே இருக்கிறது பர்கூர் மலை. செம்மையில் வெள்ளைத் திட்டுகள் போட்ட மலைமாடுகளைக் காட்டில் பட்டி போட்டு மேய்த்துத்தான் அந்த இனம் உருவானது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை என்றது. பிறகு அது புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கப்பட்டது. 2024-இல் அந்த வட்டாரக் காடே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாட்டுக்காரர் அரண்டு நிற்கிறார். காட்டில் புலி நடமாடுகிறதா, எங்கே ஊற்று வற்றியது, எந்தச் சரிவில் உண்ணிச்செடி மண்டிப் புல் செத்தது என்று சொல்லத் தெரிந்த கடைசி மனிதர்கள் அவர்கள். மலையேற்றக்காரனும் மாட்டுக்காரனும் ஒன்றில்லை, தெரியும். அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை, இவருக்கு அது சோறு. ஆனால் "காட்டில் மனிதக் கால் கூடாது" என்ற ஒரே வரிதான் இருவரையும் வெளியே தள்ளுகிறது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு இப்போது வருகிறேன். தீயும் குப்பையும் அவர்களின் சில்லறை வாதங்கள். பெரிய வாதம் இது: ஒருவனை விட்டால் அவன் பின்னால் ஆயிரம் பேர் வருவார்கள், அமைதியான நடையாளன்கூட விலங்கைக் கலைக்கிறான். உண்மை. நடப்பவர் வாடையிலும் சத்தத்திலும் காட்டு விலங்கு ஒதுங்கும், குட்டி போட்டிருக்கும் காலத்தில் அது பெரிய தொந்தரவு. ஆகவே சில இடங்கள் பூட்டியே இருக்கட்டும். ஆனைமலையின் புல்வெளி முடிகள், வரையாடு குட்டி ஈனும் பாறைகள், சோலைகளின் உள்மடி, இங்கெல்லாம் எனக்கும் அனுமதி வேண்டாம், மந்திரிக்கும் வேண்டாம். (மந்திரி, நடிகர், நீதிபதி வரும்போது ஜீப்புக்குத் திறக்கும் கேட்டைப் பற்றிப் பூட்டுக்காரர்கள் ஏன் கட்டுரை எழுதுவதில்லை?) ராத்திரிக் கூடாரம், கேம்ப் ஃபயர், ஒலிபெருக்கி எதுவும் எந்தக் காட்டிலும் வேண்டாம். ஓரக் காட்டில், பழைய வண்டித்தடத்தில், கால்வாய்க் கரையில், எண்ணிக்கை வைத்து, வழிகாட்டியோடு பகலில் நடப்பதைத்தான் கேட்கிறேன்.

இது நடக்காத காரியமா? காரமடைக்கு மேலே பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பரளிக்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பல ஆண்டுகளாக வனத்துறையும் இருளர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். பரிசலில் ஒரு சுற்று, பெண்கள் குழு சமைத்த மதியச் சாப்பாடு, பிறகு காட்டோரம் ஒரு நடை, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ரிசார்ட் இல்லை, பார் இல்லை. வரும் பணத்தில் அந்த ஊர்களுக்குப் பங்கு. அங்கே வேட்டைக்காரன் ஒருவன் நுழைந்தால் முதலில் விசில் அடிப்பது யாராக இருக்கும்?

2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. கோவை மாவட்டத்தில் ஆழியாறு கால்வாய்க் கரை, டாப்சிலிப்–பண்டாரவரை, மானாம்பள்ளி, செம்புக்கரை–பெருமாள்முடி, சாடிவயல்–சிறுவாணி என்று சில. இணையத்தில் பதிவு, காட்டோர ஊர்களின் இளைஞர்கள் வழிகாட்டிகள். பூட்டுக்காரர்கள் அன்றே தலையில் கைவைத்தார்கள், காட்டை விற்றுவிட்டார்கள் என்று.

ஆனைக்கட்டிப் பக்கம் இப்படி ஒரு வழிகாட்டியோடு நடந்திருக்கிறேன். இருளர் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். கூட வந்த கல்லூரிப் பிள்ளைகள் கேலியும் கூத்துமாக வந்தார்கள். ஒரு திருப்பத்தில் அவர் நின்று, கிடந்த யானைச் சாணியைக் காலால் புரட்டினார். மேலே காய்ந்த பொருக்கு. உள்ளே ஈரமும் உடையாத மூங்கில் நாரும். விரலை விட்டுச் சூடு பார்த்தார். "ராத்திரி போட்டதில்லீங்க சார், விடிஞ்சு போட்டது. குட்டியோட போயிருக்குது." குனிந்து மண்ணைக் கிள்ளி விரலிடுக்கில் உதிர்த்தார், தூள் எங்கள் முதுகுப் பக்கமிருந்து முன்னால் பறந்தது. காற்று எங்கள் வாடையை யானை பக்கம் கொண்டுபோகிறது. "வாங்க, பள்ளத்துல எறங்கிச் சுத்திக்கலாம். போனை உள்ள வைங்க தம்பி." அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. அந்த மண்தூளுக்கு முன்னால் ஒரு நூறு விழிப்புணர்வு பதாகை ஈடாகுமா? அவர் அப்பா அதே காட்டில் சீமாறுப் புல் அறுத்ததற்காக அபராதம் கட்டியவராம். மகனுக்கு அதே வனத்துறை அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. இதைக் காட்டை விற்பது என்றால் எனக்குச் சம்மதமே.

அரசின் திட்டத்தில் எனக்கும் சண்டை உண்டு, அது வேறு பக்கத்திலிருந்து. தொடக்கத்தில் கடினமான சில பாதைகளுக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்தார்கள். கூச்சல் எழுந்து பிறகு குறைத்தார்கள். குறைத்த பிறகும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்குபவர் தன் பிள்ளையோடு போகிற கட்டணமாக அது இல்லை. வெள்ளியங்கிரியில் வெறுங்காலோடு ஏழு மலை ஏறுகிற அதே மனிதர், காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் காசில்லாதவராகிவிடுகிறார். காசுள்ளவனுக்கு மட்டும் திறக்கும் காடும் பூட்டிய காடுதான்.

கடைசியாக நம் வீட்டுப் பூட்டு ஒன்று இருக்கிறது. "வேலவெட்டி இல்லாதவன் மலையில அலைவான்" என்று சொல்லும் பெரியவர்களைச் சொல்கிறேன். கோயில் என்றால் மட்டும் எந்த மலையும் சரி. ஆனால் கொங்கு நாடு எந்தக் காலத்தில் உட்கார்ந்திருந்தது? புரட்டாசிச் சனிக்கிழமை பாலமலைக்கும் மேல்முடிக்கும் ஏறியவர்கள் யார்? ஓதிமலையின் செங்குத்துப் படிகளில் மூச்சுமுட்ட ஏறி, உச்சியில் நின்று காற்று வாங்கி, கீழே பவானிசாகர் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்து "ஆஹா" என்று சொன்ன கிழவிக்கு அது பக்தியா, உல்லாசமா? இடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் ஊர் ஊராய் மரத்தடியில் படுத்து, சமைத்துச் சாப்பிட்டுப் போவதில் சாகசம் இல்லையா? சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த இன்பத்தை அனுபவித்தோம், அவ்வளவுதான். பெண் பிள்ளை ஒருத்தி சாமி பெயரைச் சொல்லாமல் "மலை பிடிக்கும், போறேன்" என்றால்தான் வீட்டில் குரங்கணி ஞாபகம் வருகிறது. அண்ணன்காரன் நண்பர்களோடு பைக்கில் ராத்திரி ஊட்டி போகும்போது அது வருவதில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். தீப்பருவத்தில் எல்லா மலையும் ஒரே விதிக்குள் வரட்டும். வெள்ளியங்கிரிக்கு விலக்கு வேண்டுமென்றால் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று எழுதிவைத்துத் திறக்கட்டும். ஆழியாறு, சாடிவயல் மாதிரியான எளிய பாதைகளில் மாதம் சில நாட்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கட்டும். மலையேற்றக் கட்டணத்தில் ஒரு பங்கு தீக்காவலர் கூலிக்கு என்று தனியே நிற்கட்டும். தீக்கோடு வெட்டுவதும் பச்சைக் கொப்பால் தீயை அடிப்பதும் கோடையில் மட்டும் கூப்பிடப்படும் அந்தத் தற்காலிக ஆட்கள்தான். மழை வந்தால் வீட்டுக்கு அனுப்பப்படும் அவர்களுக்கு ஜூனிலிருந்து ஜனவரி வரை வழிகாட்டி வேலை கொடுத்தால் ஆண்டு முழுக்கச் சம்பளம் ஓடும். மருதமலை அடிவாரக் குப்பைமேட்டைச் சுற்றி முதலில் வேலி போடட்டும். பூட்டு வாங்கியே தீரவேண்டும் என்றால் அந்த வேலிக்கு ஒன்று தேவைப்படும்.